அடையாளம் சொல்லாத பார்சல்

எங்கள் தெருவுக்கு வருகிற பார்சல் அத்தனையிலும் என் பெயர்தான் ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கிற குக்கர் ஒருத்திக்கு, கொசுவலை இன்னொருத்திக்கு. கிரிக்கெட் மட்டைகூட என் பெயரில் வந்திருக்கிறது. பார்சல் கொண்டுவருகிறவருக்கு ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன அப்பத்தா, அன்னைக்கு மட்டை, இன்னைக்குப் பால் பாட்டிலு. ஒங்களுக்கு என்ன வயசுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று ஒருநாள் வண்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"கையெழுத்துப் போடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு" என்றேன்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறேன். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன். கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் விட மாட்டேன். இதையும் நானேதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. ராமேசுவரம் போகிற ரயில் கொல்லைக்குப் பின்னால் போகும். தனுஷ்கோடி பார்க்கப் போகிற வேன்கள் மெயின் ரோட்டில் நிற்காமல் போகும். ஊருக்குள் நுழைந்தால் கருவேல மரமும் பனையும்தான். வீட்டு எண் இருக்கிறது, ஆனால் அதை வைத்து எவராலும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் விலாசத்தில் "தண்ணீர்த் தொட்டி அருகில்" என்று போட்டிருக்கிறது. அந்தத் தொட்டியை இடித்து நாளாகிவிட்டது. பார்சல்காரர் மெயின் ரோட்டில் நின்று போன் போடுவார். நான், "நேரா வந்து, ஆடு கட்டியிருக்கிற வேப்பமரத்துக்கு எதுத்தாப்புல" என்பேன். வந்துவிடுவார். இப்போது கேட்பதே இல்லை.

தெருவில் மற்றப் பெண்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். மீன் கம்பெனிக்குச் சிலர், கடல்பாசி எடுக்கச் சிலர், நூறுநாள் வேலைக்குச் சிலர். பகலில் கதவு திறந்திருக்கிற வீடு என்னுடையது. என் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது தன் பழைய போனைக் கொடுத்து, போனிலேயே சாமான் வாங்குகிற கடையையும் அதில் ஏற்றி, மெயில் என்கிற ஒன்றையும் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். முதலில் எனக்கு ஒரு முழங்கால் பட்டை வந்தது. அதைப் பார்த்து என் நாத்தனார் ஒரு இட்லிச் சட்டி கேட்டாள். அதற்கப்புறம் தெருவே கேட்டது. பெயரும் விலாசமும் போனும் ஒன்றே இருக்கட்டும் என்று எல்லோரும் என்னிடமே சொல்லிப் போடுவார்கள். சாமான் வந்ததும் அவரவர் காசை அவரவர் கையாலேயே பார்சல்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது.

போனைக் கொடுக்கும்போதே என் மகன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

"அம்மா, தெரியாத எதையும் அமுக்காதீக. ஒரு தடவ ஏமாந்தீகன்னாலும் இதெ வாங்கி வச்சுக்கிட்டு பட்டன் போன் வாங்கிக் குடுத்துருவேன். பெறகு எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது."

"ஏலே, ஒன்னைய நடக்கப் பழக்குனவ நானு. எங்கிட்டயே சட்டம் பேசுறியா?" என்றேன். ஆனாலும் அவன் சொன்னால் செய்கிறவன். அது எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சு மனதின் ஓரத்தில் உட்கார்ந்தேயிருந்தது.

இனி அந்த மெயில் வந்த கதைக்கு வருகிறேன்.

மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு பெண் இருக்கிறாள். சட்டை தைப்பாள். அவள் தைத்தால்தான் எனக்குத் தோள் சரியாக உட்காரும். கடலுக்கு அக்கரையில் இலங்கையிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள், பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சு. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மகளுக்கு ராமநாதபுரத்தில் நர்சுப் படிப்பு கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளை ஷூ, அவள் பேச்சில் சப்பாத்து, போட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் கால் நீளம். ராமநாதபுரம் கடைவீதி முழுக்க ஏறி இறங்கியும் அந்தக் காலுக்கு ஒன்றும் சேரவில்லை. அவள் கையில் இருப்பது பட்டன் போன். ஆகவே என்னிடம் வந்தாள். பிள்ளையின் காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து படம் படமாகத் தள்ளி, ஒன்றைப் பிடித்து ஆர்டர் போட்டோம்.

நாலைந்து நாள் கழித்து அவள் தைத்த சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனாரும் என் வீட்டில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்போது போன் சத்தம் கொடுத்தது. மெயில்.

எடுத்துப் பார்த்தால் தமிழில் இருந்தது. அதுவே புதுசு. கடையிலிருந்து வருகிறது எப்போதும் இங்கிலீசில்தான் இருக்கும். எனக்குப் பரவாயில்லை, அதில் படம் இருக்கும். இதில் மேலே கடையின் அடையாளச் சின்னம் இருந்தது. அதே கலர். கீழே தமிழ். நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

"அன்பான வாடிக்கையாளரே. உங்கள் பொதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விலாசம் முழுமை இல்லை. இன்றே உறுதி செய்யாவிட்டால் பொதி திருப்பி அனுப்பப்படும்."

"பொதியா?" என்றாள் நாத்தனார். "ஏன் மதினி, கழுத எதுவும் வாங்கப் போட்டியா?"

முகாம்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, அது பிள்ளையின்ர சப்பாத்துத்தான். திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"

"பொறு ஆத்தா, படிக்கிறேன்ல."

"கெதியா அமத்துங்கோ அம்மா. திங்கக்கிழமை பிள்ளை போகவேணும்."

சீக்கிரம் என்பதற்கு அவர்கள் கெதியா என்பார்கள், அமுக்கு என்பதற்கு அமத்து. என் பெயரில் போட்ட சாமான். என் விலாசம் சரியில்லை என்று சொல்கிறான். தண்ணீர்த் தொட்டி இடிந்தது உண்மைதானே. அவன் சொல்வதில் ஒரு வார்த்தை என் வீட்டுக்குப் பொருந்திவிட்டது. அப்போது அது பொருந்தியதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. யாருக்கு அனுப்பினாலும் ஏதாவது ஒன்று பொருந்தும் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அதிலும் எங்கள் தெருவுக்கு இன்னும் சுலபம். இத்தனை வீட்டுச் சாமானும் ஒரே பெயரில் வந்தால், எந்த நாளில் பார்சல் என்று மெயில் வந்தாலும் யாராவது ஒருத்தி, "ஐயோ, அது என்னோடது" என்பாள்.

கீழே நீலமாக ஒரு பொத்தான் இருந்தது. "இங்கே அழுத்தவும்."

அழுத்தினேன்.

மகன் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் அழுத்தினேன். அவள் அவசரத்துக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் எனக்கு ஆசை.

ஒரு பக்கம் திறந்தது. கடைதான். அதே கலர், அதே சின்னம், மேலே தேடுகிற பெட்டி. நடுவில் கட்டங்கள். பெயர், விலாசம், பிறகு பேங்க் கார்டின் எண், கார்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்று எண்.

"கார்டு எங்கன வச்சிருக்க?" என்றாள் நாத்தனார்.

"சாமி படத்துக்குக் கீழ."

எழுந்து போய் எடுத்து வந்தேன். திருநீற்றுத் தட்டுக்கு அடியில் இருந்ததால் கார்டு முழுக்கத் திருநீறு. முந்தானையால் துடைத்தேன். கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் என் பெயரைப் போட வேண்டும். அப்போதுதான் ஏதோ இடறியது.

நான் கடையைத் திறந்தால் மேலேயே என் பெயரைச் சொல்லி வணக்கம் போட்டிருக்கும். கீழே நான் முன்னே பார்த்து வைத்த சாமானெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். முழங்கால் பட்டை, இட்லிச் சட்டி, மாம்பழக் கலரில் ஒரு சேலை, எல்லாம். அந்தச் சேலையை நான் வாங்கவில்லை. ஆனாலும் நான் எப்போது போனாலும் அது வந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் சேலையும் இல்லை, சட்டியும் இல்லை. என் பெயரையே என்னிடம் கேட்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் அதே முகம், ஆனால் என்னைத் தெரியவில்லை. வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் ஒருநாள் வந்து நின்று, நீங்க யாரு என்று கேட்டால் எப்படியிருக்கும்?

"என்ன மதினி, எழுத்து மறந்து போச்சா?"

"சும்மா இரு. இவனுக்கு என்னயத் தெரியல."

"யாருக்கு?"

"கடைக்கு."

"கடைக்கு எதுக்குத் தெரியணும்? நீ என்ன மந்திரியா?"

திரும்பப் போய் அந்த மெயிலை இன்னொரு தடவை படித்தேன். எவ்வளவு படித்தாலும் என்ன பார்சல் என்று அதில் இல்லை. பொதி என்றுதான் இருந்தது. சப்பாத்தின் படம் இல்லை. கடை எப்போதும் படம் போடும். தட்டு வாங்கினால் தட்டு, பாய் வாங்கினால் பாய். நான் எழுத்தை நம்பி அதைப் படித்ததே இல்லை, படத்தை நம்பித்தான்.

எனக்கு என் அய்யா ஞாபகம் வந்தது. நான் பிறந்தது கடலை விட்டு உள்ளே, முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே செம்மறி வைத்திருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் குட்டியின் காதில் ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். எங்கள் ஆட்டுக்கு இடது காது நுனியில் ஒரு வெட்டு, நடுவில் ஒரு துளை. ஆடு தவறிப் போனால் அடையாளம் சொல்லித்தான் வாங்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அய்யா இன்னொன்றும் செய்வார். யாராவது வந்து, உங்க ஆடு என்னிடம் நிற்கிறது, தீனிக்கு ஏதாவது கொடுத்துவிட்டு ஓட்டிப் போங்கள் என்றால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக ஒன்று கேட்பார்: "காது எப்புடி இருக்கு?" ஆடு உண்மையாகவே அவனிடம் நின்றால் பார்த்துச் சொல்லிவிடுவான். இல்லையென்றால், எல்லா ஆட்டுக்கும் இருக்கிற காதுதான் என்று இழுப்பான்.

"இவன்ட்டயும் காதக் கேப்போம்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எம் பார்சல் ஒன் கையில இருக்குன்னா, அது என்னன்னு சொல்லு. கலரு என்ன? எதுக்குப் போடுறது, தலைக்கா காலுக்கா? அத அவன் சொல்லட்டும், நான் நம்பரப் போடுறேன்."

"அம்மா, அதுக்குள்ள திருப்பி அனுப்பிப்போட்டால்?"

"அனுப்ப மாட்டான். தொட்டி இடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? இது வரைக்கும் ஒண்ணு திரும்பிப் போயிருக்கா? வெலாசம் தெரியலைன்னா போன் போடுவாக. மெயில் போடுறவுக யாரு?"

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் சொல்வது சரிதானே என்று எனக்கே தோன்றியது. சொல்லும் வரை தோன்றவில்லை.

பார்சல்காரருக்குப் போன் போட்டேன். அவர் பெரியபட்டினம் பக்கம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார், காற்றுச் சத்தம்.

"ஒங்க பேருக்கு இன்னைக்கு என்ட்ட ஒண்ணும் இல்லையே அப்பத்தா. திருப்பி அனுப்புறதா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கைக்கு வந்தா நான் கூப்புடுறேன்."

திருப்பி அனுப்புவார்கள் என்றும் சொல்லவில்லை, அனுப்ப மாட்டார்கள் என்றும் சொல்லவில்லை. முகாம்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் நான் செய்ததுதான் எனக்கு வினையானது. அந்த மெயிலுக்கே பதில் போட்டேன். தட்டி எழுதினால் பொழுது போய்விடும் என்று, மைக் படத்தை அமுக்கிப் பேசினேன். போனே எழுதிக்கொண்டது. "என் பார்சல் உன்னிடம் இருந்தால் அது என்னவென்று சொல். அடையாளம் சொன்னால் மற்றதைச் சொல்கிறேன்." அனுப்பிவிட்டு, கார்டைக் கொண்டுபோய்ப் பழையபடி திருநீற்றுத் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

"பதில் வரும் வரைக்கும் என்ன செய்ய?" என்றாள் நாத்தனார்.

"கீரைய உருவு."

அவள் உருவினாள். முகாம்காரப் பெண் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு நாங்கள் சப்பாத்து எடுத்த இடத்தில போய்ப் பார்க்கேலாதோ? அந்தப் படம் அங்கயே நிக்கும்தானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. மெயிலைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். அவன் காட்டிய வாசலையே தட்டிக்கொண்டிருந்தோமே தவிர, நமக்குத் தெரிந்த வாசல் ஒன்று இருக்கிறது, அது வழியாகப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை. மெயிலை மூடினேன். போனில் கடையின் சின்னம் இருக்கிற இடத்தைத் தொட்டுத் திறந்தேன். என் பெயரைச் சொல்லி வணக்கம். மாம்பழக் கலர்ச் சேலை வந்து நின்றது. போட்ட சாமானெல்லாம் இருக்கிற இடத்துக்குப் போனேன். சப்பாத்து இருந்தது. வெள்ளையாக, படத்தோடு. பக்கத்தில் பச்சைக் கோடு. மதுரை வரை பச்சையாக இருந்தது, அதற்கு மேல் சாம்பல். நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றோ, விலாசம் சரியில்லை என்றோ எங்கேயும் இல்லை.

"மதுரையில நிக்குதோ?"

"நிக்கல ஆத்தா, வந்துக்கிட்டிருக்கு."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நாத்தனார் கீரையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பொதிக்காரன் யாரு?"

அதுதான் எனக்கும் கேள்வி. யார் அவன்? கடையின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எங்கே இருக்கிறான்? வீட்டிலா, ஆபீசிலா? அவனுக்குச் சோறு யார் போடுகிறார்கள்? என் மெயிலை எங்கே பிடித்தான்? சின்னத்தையும் கலரையும் அப்படியே கொண்டுவந்தவன், ஒரு படம் போடக்கூடாதா? யோசித்தேன். படம் போட முடியாது. நான் என்ன வாங்கினேன் என்று அவனுக்குத் தெரியாது. வாங்கினேனா என்பதே தெரியாது. ஊரிலே உள்ள எல்லோருக்கும் ஒரே மெயிலை அனுப்பியிருக்கிறான். அதனால்தான் அன்பான வாடிக்கையாளரே. அதனால்தான் பொதி. பார்சலுக்கு உள்ளே என்ன என்பதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். முகாம்காரப் பெண் சப்பாத்தைப் போட்டு நிரப்பினாள். நான் இடிந்த தொட்டியைப் போட்டு நிரப்பினேன்.

அவசரத்தையும் யோசித்தேன். "இன்றே" என்று போட்டிருந்தானே. நான் வேகமாகப் படிக்கிறவளாக இருந்திருந்தால் படித்த வேகத்தில் நம்பரையும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானச் சோறு முடிந்ததும் போன் சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. சத்தம் நிற்கவில்லை. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. உங்கள் பணம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. உங்கள் கணக்கு பூட்டப்பட்டது. நான் பெயரே கேள்விப்படாத கடையிலிருந்தெல்லாம் பொதி நிற்கிறது என்று வந்தது. சப்பாத்தின் அடையாளம் மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை.

"என்ன மதினி, கலியாண வீடு மாதிரி இருக்கு?" என்று நாத்தனார் பக்கத்து வீட்டிலிருந்தே சத்தம் போட்டாள். "அண்ணன் மகன்ட்டச் சொல்லவா?"

"சொல்றதுக்கு நீ எதுக்கு? எனக்கு வாய் இல்லையா?"

அவள் சொல்லி அவன் கேட்கிறதைவிட நானே சொல்வது மேல். மாலையில் மகனுக்குப் போன் போட்டேன். முகம் தெரிகிற மாதிரிதான் போடுவோம். வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அமுக்குனீகளா?"

"அமுக்குனேன்."

"அம்மா!"

"நம்பரக் குடுக்கலப்பா."

"கார்டு நம்பர் குடுக்கல. ரகசிய நம்பர்? போன்ல வர்ற நம்பர்?"

"எதுவும் குடுக்கல. அடையாளம் கேட்டேன்."

"என்னத்தக் கேட்டீக?"

சொன்னேன். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"திருடன்ட்டப் போயி யாரும் கேள்வி கேப்பாகளா? நீங்க பதில் போட்டதும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, இங்கன ஒரு ஆளு இருக்கு, படிக்குது, பதிலும் போடுதுன்னு. இந்நேரம் ஒங்க மெயில் வெலாசத்த அவன் நாலு பேருக்கு வித்திருப்பான். அதான் இம்புட்டு வருது."

அது எனக்குத் தெரியாது. ஆட்டுக்காரன் நேரே வந்து நிற்பான். அவனிடம் கேட்கலாம். பதில் சொல்ல முடியாவிட்டால் அவன்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். இங்கே முகமே இல்லாதவனிடம் நான் போய், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கேட்ட கேள்வி சரிதான், கேட்ட இடம் சரியில்லை. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. அப்போதுதான் அவன் நான் பயந்ததைச் சொன்னான்.

"போன அத்தைட்டக் குடுத்துருங்கம்மா. நான் அடுத்த தடவ வரும்போது பட்டன் போன் கொண்டாரேன். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அத்தை என்றது என் நாத்தனாரை. அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க என்னை நொட்டைச் சொல் சொல்லியே பழகியவள். இப்போதும் ஏதோ குத்திப் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏலே, போன எங்கிட்டக் குடுத்தா நான் என்ன செய்வேன்னு தெரியுமா? மொத மெயிலுக்கே கார்டக் கொண்டாந்து வச்சு, முன்னாடி நம்பரும் பின்னாடி நம்பரும் சேத்துக் குடுத்துருப்பேன். நான்தேன் கார்டு எங்கன்னு கேட்டவ. ஒங்கம்மா கார்டக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்து யோசிச்சா. அம்புட்டு நேரம் யாரு யோசிப்பா? எங்க தெருவுல ஒரு ஆளு காட்டு பாப்பம்."

"அத்தை, அதில்ல..."

"எது இல்ல? பட்டன் போனக் குடுத்துட்டா எம் பேரனுக்குப் புத்தகப் பை யாரு போடுறது? நீ கோயம்புத்தூர்லருந்து தூக்கிட்டு வருவியா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு அவனால் கோபப்பட முடியாது, அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"சரி. நான் சொல்றத இப்பவே செய்யணும்" என்றான்.

சொல்லச் சொல்லச் செய்தோம். கடைக்கு உள்ளே போய் பாஸ்வேர்டு என்கிற ரகசிய எழுத்தை மாற்றச் சொன்னான். மெயிலுக்கும் மாற்றச் சொன்னான். என்ன வைத்தேன் என்று கேட்டான். யாருக்கும் சொல்லக் கூடாது என்றவனே அவன்தான், அதனால் அவனிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. வந்து குவிந்தவற்றைத் திறக்காமலே குப்பை என்று குறித்துவிடச் சொன்னான். அப்படிக் குறித்தால் போனே அந்த மாதிரியானவற்றைத் தள்ளி வைக்கப் பழகுமாம். கடைக்கே, உங்கள் முகத்தை ஒருத்தன் மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று சொல்கிற இடம் ஒன்று அதற்குள் இருக்கிறது. அங்கே அந்த மெயிலை அனுப்பவைத்தான். நம்பரைக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே பேங்குக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், போலீசுக்கும் சொல்லியிருக்க வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்கக் கூடாது என்றான்.

"மெயில் என்ன சொன்னாலும் சரி. நீங்க கடைய நீங்களாத் தொறந்து பாருங்க. அங்க இல்லாதது எங்கயும் இல்ல. சந்தேகம்னா கடையக் கேளுங்க. அவனக் கேக்காதீக."

"அந்தப் பிள்ளைதேன் தொறந்து பாக்கச் சொல்லுச்சு" என்றேன்.

"எந்தப் பிள்ளை?"

"சட்டை தைக்கிறவ."

"அந்த அக்காவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றான். போனைப் பற்றி மறுபடி அவன் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சப்பாத்து சனிக்கிழமை வந்தது. பார்சல்காரர் வேப்பமரத்தை எட்டுவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திப் போன் போட்டார்.

"அப்பத்தா, இன்னைக்கு வந்த சாமானுக்கு நம்பர் கேக்குது. போன்ல வந்திருக்கும், சொல்லுங்க."

சில சாமானுக்கு அப்படிக் கேட்பார்கள். எப்போதும் சொல்லிவிடுவேன். அன்றைக்குத் தயங்கினேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் மகளின் காதுகுத்துக்குப் போய்வந்திருக்கிறேன். இருந்தாலும் கேட்டேன்.

"மொதல்ல அடையாளம் சொல்லு."

"என்னது?"

"உள்ள என்ன இருக்கு?"

"எனக்கு எப்புடித் தெரியும்? பொறுங்க... ஷூன்னு போட்டிருக்கு. கனமா இருக்கு. ஏன் அப்பத்தா, இந்த வயசுல பரேடுக்குப் போறீகளா?"

"வாசலுக்குக் கொண்டா. பெட்டியக் கையில வச்சுக்கிட்டு நம்பர் சொல்றேன்."

கொண்டுவந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு நம்பரைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். இதே மாதிரி மெயில் தன் மச்சானுக்கும் வந்தது என்றார். அவருக்கு என்ன பொருந்தியது என்று கேட்டேன். பைக்குக்கு ஒரு கண்ணாடி ஆர்டர் போட்டிருந்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ பெரிய விஷயத்தைத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

முகாம்காரப் பெண் மகளையே கூட்டிக்கொண்டு வந்தாள். கூச்சப்படுகிற பிள்ளை. என் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். புதுத்தோல் கீச்சுக் கீச்சென்றது.

"கடிக்குதா?" என்றேன்.

"இல்ல பாட்டி, சரியா இருக்கு."

"அப்படியே ஆசுபத்திரிக்காரி மாதிரிதான் இருக்க" என்றாள் நாத்தனார். "இந்தப் பாட்டிக்கு ஊசி போடுறதுன்னா மொதல்ல அடையாளம் கேட்டுட்டுத்தான் கைய நீட்டுவா, பாத்துக்க."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவளுடைய அம்மா பெட்டியை மடித்து ஓரமாக வைத்தாள். மேலே ஒட்டியிருந்த என் பெயர்த் தாளை மட்டும் உரித்து என்னிடம் கொடுத்தாள். அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என் போன் நம்பரும் அதில் இருக்கிறதே என்று இப்போதெல்லாம் அதிலும் கவனம் வந்துவிட்டது.

எல்லோரும் இருக்கும்போதே போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தேன். வேறொரு கலர், வேறொரு சின்னம். அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பொதி எங்களிடம் இருக்கிறது. படம் இல்லை.

கை அரித்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன என்று இருந்தது. இவனாவது சொல்லிவிடுவானோ என்னவோ. பெட்டியைப் பிரித்துப் பார்த்து, வெள்ளை என்று சொல்லிவிட்டால்? எப்படிச் சொல்வான், சப்பாத்து இதோ என் வீட்டுத் தரையில் நடந்துகொண்டிருக்கிறது.

"யாரு மதினி?" என்றாள் நாத்தனார்.

"தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டு, குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் விரலை வைத்தேன்.